கூடுவிட்டுக் கூடு பாயும் எஞ்சின்கள்

கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்பது நம் நாட்டுச் சித்தர் கதைகளிற் பயின்று வரும் ஒரு வித்தை. மூலன் என்னும் ஆயன் இறந்து கிடப்ப, அவன் பசுக்கள் கதறுதல் கண்டு இரங்கிய யோகியார் அவ்வுடலிற் புகுந்து திருமூலர் ஆயினார் எனப் பெரிய புராணம் கூறும். பசுக்கள் துயர் நீங்கின. மூலன் மனையாளோ வேறுபாடு கண்டு கலங்கினாள். இவ்வித்தையை மேசைமேற் செய்வோர் இக்காலத்தும் உளர். அவர்தாம் மாதிரி இரயில் அமைத்து மகிழ்வோர். ஓர் எஞ்சினின் மேற்கூட்டைக் கழற்றி, வேறோர் எஞ்சினின் அடிச்சட்டத்தின்மேல் ஏற்றி ஓட்டுவது இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் நெடுநாளாக நடந்துவரும் கைத்தொழில்.

இதனை யாம் ஆராயப் புகுந்தமைக்குக் காரணம் ஒன்று உண்டு. எம் தாய்மாமனார் இளமையில் இங்கிலாந்திற் பயின்றபோது ஒரு சிறிய எஞ்சின் வாங்கி வந்தார். அது 'ஜின்டி' என்று செல்லப்பெயர் பெற்ற ஆறு சக்கர எஞ்சினின் மாதிரி. சென்ற ஆண்டு அவர் காலமானபின் அது எம் கைக்கு வந்தது. கூடு புதிதுபோல் இருந்தது, மோட்டாரோ அசையவில்லை. அடித்தகட்டைத் திருப்பிப் பார்த்தபோது, தம் பெயரின் முதலெழுத்துக்களையும் வாங்கிய நாளையும் ஊசியாற் கீறி வைத்திருக்கக் கண்டோம்.

மாதிரி எஞ்சினுக்குப் பகுதி இரண்டு. கொதிகலம், புகைபோக்கி, ஓட்டுநர் அறை எனக் கண்ணுக்குத் தோன்றுவதெல்லாம் மேற்கூடு. பெரும்பாலும் பிளாஸ்டிக் வார்ப்பு. சக்கரம், பல்சக்கரம், மோட்டார் ஆகியவற்றைத் தாங்குவது அடிச்சட்டம். இரண்டையும் பிணைப்பது ஒன்றிரண்டு திருகாணியே. சிலவற்றில் அதுவும் இன்றி வெறும் கொளுவியே. ஆதலின் கழற்றுதல் எளிது. கழற்றியதைப் பிறிதொன்றிற் பொருத்துதலே அரிது.

உண்மையில், பிரிட்டிஷ் மாதிரி இரயில் பிறந்ததே பொருந்தாத கூட்டோடுதான். ஜெர்மனியில் நியூரம்பர்க் நகரத்துப் பிங் நிறுவனத்தார் 1922-ஆம் ஆண்டில் மேசை இரயில் ஒன்றை இங்கிலாந்தில் விற்பனைக்கு விடுத்தனர். அதன்வழி வளர்ந்த சிற்றளவில், தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர் என நிலைபெற்றது. மெய்யான பாதையின் இடைவெளி 4 அடி 8½ அங்குலம், அடிக்கு 3.5 மில்லிமீட்டர் என்னும் கணக்கிற்கு அது சரியே. ஆனால் பிரிட்டனிற் பாலங்களும் சுரங்கங்களும் குறுகியவை. ஆதலின் அந்நாட்டு எஞ்சின்களும் சிறியவை. அவற்றை அக்கணக்கிற் சுருக்கினால் அக்காலத்து மோட்டார் உள்ளே புகாது. எனவே கூட்டை மட்டும் அடிக்கு 4 மில்லிமீட்டராகப் பெருக்கிக்கொண்டு, பாதையை இருந்தபடியே விட்டனர். 4 மில்லிமீட்டர்க் கணக்கிற்குப் பாதை 18.83 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். இன்றளவும் அந்நாட்டு 'ஓஓ' அளவு எஞ்சின்கள் ஏழு அங்குலம் குறைந்த பாதையில் ஓடுவனபோலவே தோன்றும். குறையை ஆற்றாத சிலர் 18.83 மில்லிமீட்டர்ப் பாதையைத் தம் கையாலேயே சமைத்துக்கொள்கின்றனர். அமெரிக்காவில் ஆதெர்ன் நிறுவனத்தாரும் தம் பழைய டீசல் எஞ்சின் சிலவற்றின் கூட்டை மோட்டாருக்காகவே அகலமாக்கினர். அகத்திற்கு ஏற்பப் புறம் பருத்தது என்க.

கூடு மாற்றுவோர் ஏன் மாற்றுகின்றனர்? பழைய எஞ்சினின் உருவம் நன்றாய் இருந்து ஓட்டம் கெட்டிருக்கலாம். புதியதன் ஓட்டம் நன்றாய் இருந்து வண்ணம் பிடியாதிருக்கலாம். வேறொரு காரணமும் உண்டு. அடிச்சட்டங்கள் பல துத்தநாகக் கலவையால் வார்க்கப்படுவன. அதில் காரீயம் சிறிது கலந்துவிடின், ஆண்டுகள் சென்றபின் உலோகம் தானே வீங்கி வெடித்து உதிர்கின்றது. இந்நோய்க்கு மருந்தில்லை. மேலே கூடு பழுதின்றி இருக்க, கீழே உடல் பொடியாகும். இன்னும், மோட்டார் இன்றியே விற்கப்பட்ட கூடுகளும் உண்டு. 1959-இல் வெளிவரத் தொடங்கிய கிட்மாஸ்டர் பிளாஸ்டிக் தொகுதிகள் காட்சிக்கு மட்டும் உரியவை. அவற்றிற்கு உயிர் கொடுக்க முயன்றோர் பலர்.

இனி, பொருத்தும் முறை. கூட்டின் நீளத்தை அளந்து அதற்கேற்ற அடிச்சட்டம் தேடுதலே போதும் எனப் புதியோர் எண்ணுவர். யாமும் அவ்வாறே எண்ணிப் பிழைபட்டோம். பயன்படுத்திய அடிச்சட்டம் ஒன்று மலிவாய்க் கிடைத்தது. அதுவும் ஆறு சக்கரமே. சக்கரத்தின் விட்டமும் ஏறத்தாழ அதுவே. வாங்கி ஏற்றிப் பார்த்தபோது, முன்சக்கரம் கூட்டின் சக்கரமூடியில் உரசிற்று. பின்னரே கணக்கைப் பார்த்தோம். 1924 முதல் 1931 வரை 422 எண்ணிக்கை கட்டப்பட்ட மெய்யான ஜின்டியில், முதற்சக்கர அச்சுக்கும் இடைச்சக்கர அச்சுக்கும் இடையே 8 அடி; இடையதற்கும் கடையதற்கும் இடையே 8½ அடி. மாதிரியில் அவை 32-உம் 34-உம் ஆக, மொத்தம் 66 மில்லிமீட்டர். யாம் வாங்கியதோ கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியாரின் 'பானியர்' வகைக்கு உரியது. அதன் இடைவெளி 7¼ அடியும் 8¼ அடியும். எனவே 29-உம் 33-உம் கூடி 62 மில்லிமீட்டர். நான்கு மில்லிமீட்டர் என்பது ஒரு நெல்லின் நீளமும் இராது. எனினும் அச்சிறு வேறுபாட்டில் எஞ்சினின் குலமே மாறிவிட்டது. எஞ்சினை முகம் பார்த்தன்று, கால் பார்த்தே அளத்தல் வேண்டும்.

கால் பொருந்தினால் அடுத்து உயரம். இருமுனையிலும் உள்ள பஃபர்களின் நடுப்புள்ளி தண்டவாளத்தின்மேல் ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் நிற்க வேண்டும். இல்லையேல் பெட்டியோடு இணைந்து நிற்கும்போது எஞ்சின் குனிந்தோ நிமிர்ந்தோ தோன்றும். மோட்டாரின் தலை கூட்டின் உட்புறத்தில் இடிப்பின் அவ்விடத்தைச் சிறிது சிறிதாய்ச் சுரண்டுதலே முறை. அவசரப்பட்டோர் கொதிகலத்தில் துளை கண்டதுண்டு.

மின்சாரத்தில்தான் பெரிய கண்ணி இருக்கின்றது. இரண்டு தண்டவாளங்களும் மின்சாரத்தின் இரு முனைகள். சில அடிச்சட்டங்கள் நெடுக்கே பிளந்த இரு உலோகப் பாதிகளாய் அமைந்து, ஒரு பாதி ஒரு முனையையும் மறுபாதி மறுமுனையையும் தாங்கும்; நடுவே பிளாஸ்டிக் தடுப்பு. பிளாஸ்டிக் கூடு அமர்ந்துள்ளவரை தீங்கில்லை. வெள்ளீயமும் காரீயமும் கலந்து வார்த்த உலோகக் கூட்டை அதன்மேல் ஏற்றி அது இரு பாதியையும் தொட்டுவிடின், அக்கணமே இரு முனையும் கூடிச் சூடேறும். இடையே மின்தடை நாடா ஒட்டிய பின்னரே கூடு ஏற்றல் வேண்டும். எடையிலும் கருத்து வேண்டும். இலேசான கூடு ஏறினால் சக்கரம் வழுக்கும். ஆதலின் உள்ளே ஈயத்துண்டு வைப்பர். ஆனால் இழுக்கலாகாத பாரம் வந்தபோது சக்கரம் வழுக்கிச் சுழலுமளவே எடை இருக்கலாம். அதனினும் மிகுந்தால் சக்கரம் பாதையைப் பற்றி நிற்க, மோட்டார் எரியும்.

இவையெல்லாம் விளையாட்டுப் பொருளுக்கே என்று எண்ணற்க. மெய்யான எஞ்சின்களும் இவ்வாறு மாறியதுண்டு. 1933-இல் சிகாகோ நகரத்துப் பொருட்காட்சிக்கு 'ராயல் ஸ்காட்' என்னும் 6100-ஆம் எண் எஞ்சினை அனுப்புவதாக ஏற்பாடு. கடல் கடந்து சென்றதோ, அப்பெயரையும் எண்ணையும் பூண்ட 6152-ஆம் எஞ்சின். முன்னது 1927-இலும் பின்னது 1930-இலும் கட்டப்பட்டவை. மாறிய பெயர் பின்னர்த் திரும்பவில்லை. 1952-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பிரேத வண்டியை இழுக்க 'வின்ட்சர் காசில்' என்னும் 4082-ஆம் எஞ்சினே வேண்டும் என்றனர். அதுவோ பழுது பார்க்கும் சாலையிற் கிடந்தது. 1948-இற் பிறந்த 'பிரிஸ்டல் காசில்' என்னும் 7013-ஆம் எஞ்சின் அதன் பெயர்ப்பலகையை அணிந்து அன்று மன்னரைச் சுமந்தது. பலகைகள் மீண்டும் இடம் மாறவில்லை. எனவே அந்நாளைய 'வின்ட்சர் காசில்' எஞ்சினை மாதிரியாக அமைக்க விரும்புவோன், பழைய எஞ்சினின் கூட்டை எடுத்தால் பிழை. பிந்திய காலத்து எஞ்சினின் கூட்டை எடுத்து முந்தியதன் பெயரை ஒட்டினால்தான் வரலாறு பிழையாது. பொய்ப்பெயரே மெய்யாய் நின்ற இவ்விந்தையை எண்ணி யாம் பலநாள் வியந்திருக்கின்றோம்.

கூடு மாற்றுவது தவறன்று என்பதே எம் கருத்து. மாற்றியதை மறைத்து, பழைய எஞ்சின் முழுமையாய் இருக்கின்றது என்று சொல்லி விற்பதுதான் தவறு. தேர்ந்த கைவினைஞர், எந்தக் கூடு எந்த அடிச்சட்டத்தில் எந்நாளில் ஏறியது என்பதைத் துண்டுத்தாளில் எழுதிப் பெட்டியினுள் இடுவர். யாமும் அவ்வாறே எழுதி இட்டோம்.

இரண்டாம் முறை 66 மில்லிமீட்டர் அடிச்சட்டமே வாங்கினோம். விடுமுறையில் ஒருநாள் மாலை அது கூடத்து மேசைமேல் மெல்ல ஓடிற்று. எம் அன்னையார் சிறிது நேரம் பார்த்திருந்தார்; பின் எஞ்சினைக் கையில் எடுத்துக் கவிழ்த்தார். தம் அண்ணன் கீறிய எழுத்தைத் தேடினார் போலும். அங்கே அது இல்லை. யாம் ஒன்றும் பேசாது, இழுப்பறையிலிருந்து பழைய அடிச்சட்டத்தை எடுத்து அவர் கையில் வைத்தோம். அதன் மோட்டாரை மட்டும் மாற்ற இயலுமா என்று இப்போது பார்த்து வருகின்றோம்.