லாரியில் ஏறும் படகு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆவுடையார்கோவில் வட்டத்தின் கடற்கரை ஊர் மீமிசல். அங்கிருந்தும் பக்கத்து ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினத்திலிருந்தும் ஃபைபர் படகை லாரியில் ஏற்றுவோர் நம்புகிற சில சங்கதிகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: அலையடியைத் தாங்கும் படகுக்குச் சாலைக் குலுக்கல் எம்மாத்திரம்?

உண்மை: கடலில் நீர் படகின் அடிப்பாகத்தைப் பரவலாக ஏந்திக்கொள்கிறது. லாரியிலோ, தளத்தைத் தொடும் சில இடங்களிலேயே மொத்த எடையும் இறங்குகிறது. ஃபைபர் விரிசல் விடுவதும் அங்கேதான். ஏரா நெடுகக் கட்டை கொடுத்து, இரு பக்கமும் மணல்மூட்டையோ பழைய டயரோ அண்டக்கொடுங்கள். வலையும் நங்கூரமும் தனியாகப் போகட்டும்.

நம்பிக்கை: கேரளத்தில் அவசரமாக ஏற்றிப் போனார்களே!

உண்மை: 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மீனவர்கள் லாரிகளில் படகுகளைச் செங்கன்னூர் வரை கொண்டுபோனது உயிர் காக்க. மீட்புப் பணியில் சேதமான படகுகளைச் சரிசெய்து தருவதாக அரசு அறிவித்தது. சொந்த வேலைக்கு ஏற்றும் படகு உடைந்தால் செலவு உடையவருக்கே.

நம்பிக்கை: கயிற்றை இறுக்க இறுக்கப் பாதுகாப்பு.

உண்மை: அளவுக்கு மீறினால் பக்கச் சுவர் நெரியும். கயிறு படும் இடத்தில் சாக்கு வையுங்கள். நைலான் கயிறு நனைந்தால் நீளும். சில கிலோமீட்டர் போனதும் நிறுத்திச் சரிபாருங்கள். பிரேக் போட்டால் படகு முன்னால் நகராதபடி அணியத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியாகக் கட்டுங்கள்.

நம்பிக்கை: இன்ஜின் மாட்டியபடியே இருக்கலாம்.

உண்மை: ஒவ்வொரு பள்ளத்திலும் அதன் எடை பின்பலகையை உலுக்கும். கழற்றி, எரிபொருளை வடித்து, கையேடு சொல்லும் பக்கமாகவே படுக்க வையுங்கள். பக்கம் மாறினால் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் எண்ணெய் சிலிண்டருக்குள் போய்விடும்.

நம்பிக்கை: மழை பெய்தால் என்ன, படகுதானே?

உண்மை: உள்ளே 1,000 லிட்டர் நீர் தேங்கினால் கூடுதல் சுமை 1 டன். வடிகால் அடைப்பானைத் திறந்துவிடுங்கள். கடலில் இறக்கும் முன் மறவாமல் மூடுங்கள்.

நம்பிக்கை: நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சிவப்புத் துணி கட்டினால் போதும்.

உண்மை: போதாது. 2019 திருத்தத்துக்குப் பின், மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவுப்படி வரம்பு மீறி நீளும் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். சுமையை இறக்கும் செலவு தனி. படகை அளந்து, அது அடங்கும் நீளமான லாரியை அமர்த்துங்கள். எதிலும் அடங்காவிட்டால், உரிய அதிகாரியிடம் விலக்கு பெற்ற பிறகே வண்டியை எடுங்கள்.