அப்பத்தா வீட்டுச் சுவர்



ஒரகடம் தொழிலாளத் தோழர்கள் கொண்டுவரும் சிற்றிதழில், மன்னார் வளைகுடாப் பவளங்களைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை இந்தக் கிழவன் மூன்று முறை வாசித்துவிட்டான். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை, வீட்டில் இரண்டு முறை. மூன்றாம் முறை கையில் பென்சில் இருந்தது. பவளம் ஒரு விலங்கு, அதன் உடலுக்குள் பாசி குடியிருக்கிறது என்ற பாலபாடம் நம் இருவருக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வரலாம்.

“வெளுத்துச் செத்த பவளங்கள்.” இந்தத் தொடர் ஐந்து இடத்தில் வருகிறது. ஐந்தாவது இடத்தில் பென்சில் அழுத்தித் தாளே கிழிந்தது.

வெளுத்த பவளம் உயிரோடு இருக்கிறது, தம்பி. சூடு ஏறியதும் உள்ளே இருக்கும் பாசி தடுமாறுகிறது. சோறு சமைத்த அதே அடுப்பில் நஞ்சும் பிறக்கிறது. பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. பவளத்துக்கு வேண்டிய சத்தில் 90 சதவீதம் வரை ஊட்டிவந்த பாசி போய்விட்டதால், கண்ணாடி போன்ற தோல் வழியாகச் சுண்ணாம்பு எலும்பு பளீரென்று தெரிகிறது. அது பட்டினி. நீர் சீக்கிரம் ஆறினால் பாசி மெல்லத் திரும்பும், நிறமும் திரும்பும். ஆறாவிட்டால் தோல் உரிந்து, எலும்பின் மேல் அழுக்குப் பச்சையாக வேறொரு பாசி மயிர்போலப் படரும். சாவின் நிறம் அந்த அழுக்குப் பச்சை.

நீ ஆலையில் பெயின்ட் ஷாப்பில் வேலை பார்க்கிறவன். ஓவனில் எத்தனை டிகிரி என்று எழுதிவிட்டு, எத்தனை நிமிடம் என்று எழுதாமல் விட்டால் உன் சூப்பர்வைசர் கையெழுத்துப் போடுவாரா? கட்டுரையில் மட்டும் ஏன் நாள்கணக்கை விட்டாய்? அமெரிக்காவின் நோவா அமைப்பு சூட்டையும் காலத்தையும் சேர்த்து டிகிரி-வாரமாகக் கணக்கிடுகிறது. ஒரு கடலின் வழக்கமான உச்ச மாத வெப்பத்துக்கு மேல் 1 டிகிரி கூடி 4 வாரம் நின்றால் கணக்கு 4. கவனிக்கத்தக்க வெளுப்பு வரும். 8-ஐத் தொட்டால் கடும் வெளுப்பும் சாவும். ஏப்ரல், மே மாதங்களில் காற்று அடங்கி நம் கடல் கொதிப்பதும், தென்மேற்குக் கச்சான் காற்று அடித்ததும் ஆறுவதும் கடற்கரைப் பிள்ளையான உனக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கச்சான் பத்து நாள் தாமதித்தால் என்ன ஆகும் என்பதை நீதான் எழுதியிருக்க வேண்டும். சூடு தாங்காமல் முதலில் போவது மான்கொம்புப் பவளம். உருண்டைக் கல்லாகக் கிடக்கும் போரைட்டிஸ் பெரும்பாலும் தப்பிக்கும்.

இன்னொன்று, “கடலின் மழைக்காடுகள்.” உன் ஊரில் மழைக்காட்டைக் கண்டவர் யார்? மீன்பிடிக்கப் போகிறவர்கள் பவளத் திட்டைப் ‘பார்’ என்கிறார்கள். அந்த ஒரு சொல்லை எழுத உனக்கு என்ன கூச்சம்?

ஆனால் நீ எழுதிய உன் அப்பத்தா வீட்டுச் சுவர்! சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் பவளத்தாலான முருகைக்கல்லின் நட்சத்திரத் துளைகளுக்குள் சிறுவிரலை விட்டு எண்ணிக்கொண்டே தூங்கிப்போன பையன். முப்பது வருடமாக அறிவியல் கட்டுரைகளைத் திருத்திவந்த கைக்கு இப்படியொரு பத்தி அகப்பட்டதில்லை. அந்த இரவு தூக்கமே வரவில்லை.

அதை வாசித்ததும் இந்தக் கிழவனுக்குத் தூத்துக்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புச் சூளைகள் நினைவுக்கு வந்தன. கடப்பாரையால் பெயர்த்து வள்ளத்தில் கொண்டுவந்த பவளம் கரையில் ஈரம் சொட்டக் குவிந்திருக்கும். கிளைகளின் இடுக்கிலிருந்து விரல்நகம் அளவு நண்டு ஒன்று வெளியே வந்து, போக இடமில்லாமல் திரும்ப உள்ளே போகும். பிறகு எல்லாம் சூளைக்குள். 1960, 70-களில் மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலுமாக ஆண்டுக்குச் சுமார் 25,000 டன் இப்படி அள்ளினார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போனதற்கு இதுவே முக்கியக் காரணம்.

நீயோ சுவரிலிருந்து ஒரே தாவில் கரியமில வாயுவுக்குப் போய்விட்டாய். அங்கேதான் கட்டுரை நழுவியது. 2001-இல் சட்டப் பாதுகாப்பு வந்து, 2005 வாக்கில் பவளம் வெட்டுவது நின்றபின் என்ன நடந்தது? தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் நீருக்குள் இறங்கி எடுத்த கணக்கைப் பார். 2005-இல் சுமார் 37 சதவீதமாக இருந்த உயிருள்ள பவளப் பரப்பு 2009-இல் 43-ஐ நெருங்கியது. 2010 வெளுப்பில் 33-க்கு இறங்கி, மறுபடி 39 வரை ஏறியது. 2016 வெளுப்பு அதை 23-க்குக் கீழே தள்ளியது. நீ இறங்கிய எண்களை மட்டும் எழுதினாய். இரண்டு முறை ஏறியதை யார் எழுதுவது? கடப்பாரை ஓய்ந்த கடல் சூட்டிலிருந்து தேறி எழுகிறது. இழுவலை, சேறு, குருசடைத் தீவில் மான்கொம்புகளைப் போர்த்தி மூச்சடைக்கும் வெளிநாட்டுக் கப்பாபைக்கஸ் பாசி, இவற்றை நம் கையால் குறைக்கலாம். “செத்தது” என்று நீ எழுதிய நிமிடம் அந்த வேலைக்கெல்லாம் ஆள் வராது.

2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளுப்பு அறிவிக்கப்பட்டதைக் கொண்டு நீ தொடங்கியது சரி, அப்படியே இருக்கட்டும். வரும் மே மாதம் லீவு போட்டு ஊருக்குப் போ. கச்சானுக்கு முன்னால் ஒருமுறை பாரைப் பார், கச்சான் அடங்கிய பிறகு அதே இடத்தை இன்னொருமுறை பார். இரண்டையும் எழுதி, சுவரில் தொடங்கி, இந்த முகவரிக்கே அனுப்பு.