ஆர்கேட் போர்டிலிருந்து வீடியோ எடுப்பது: நம்பிக்கைகளும் உண்மைகளும்

1970களின் பிற்பகுதியிலிருந்து 1990கள் வரை வந்த ஆர்கேட் எந்திரங்களுக்குள் இருந்தவை முக்கியமாக இரண்டு: விளையாட்டை இயக்கும் சர்க்யூட் போர்டு, அதனோடு நேரடியாக இணைந்த படக்குழாய் மானிட்டர். வீட்டு டிவியில் படம் தெரிய வேண்டிய தேவை அந்தப் போர்டுகளுக்கு இல்லை. அதனால் மின்னழுத்தம், நொடிக்கு எத்தனை ஃபிரேம், படத்தின் வடிவம் ஆகியவற்றை வடிவமைப்பாளர்கள் தங்கள் வசதிப்படி வைத்துக்கொண்டார்கள். இந்தப் போர்டுகளிலிருந்து வீடியோ எடுப்பதில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை, அவற்றை டிவிக்காகச் செய்த கருவிகளாக நினைப்பதால் வருபவை.

நம்பிக்கை: திரைக்கு எதிரே நல்ல கேமராவை வைத்தாலே போதும்.

உண்மை: படக்குழாயில் முழுப்படமும் ஒரே கணத்தில் ஒளிர்வதில்லை. எலக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படத்தை வரைகிறது. கேமராவின் ஷட்டர் வேகம் அதோடு பொருந்தாவிட்டால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஊரும். ஆகவே சிக்னலைப் போர்டிலிருந்தே எடுப்பதுதான் பொதுவான நல்ல வழி. இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஆஸ்டிராய்ட்ஸ் (1979), டெம்பெஸ்ட் (1981), ஸ்டார் வார்ஸ் (1983) போன்ற வெக்டர் விளையாட்டுகளில் கற்றை நேரடியாகக் கோடுகளை இழுக்கிறது. வரிகளோ பிக்சல்களோ இல்லாத அந்தச் சிக்னலை, வீடியோவைக் கணினியில் பதியும் சாதாரணக் கேப்சர் கார்டு ஏற்காது. அங்கே இருட்டறையும், எக்ஸ்போஷரைக் கையால் பூட்டிய கேமராவும்தான் கைகொடுக்கும்.

நம்பிக்கை: போர்டின் வீடியோ கம்பிகளைக் கேப்சர் கார்டில் நேராகச் சொருகிவிடலாம்.

உண்மை: ஆர்கேட் போர்டுகளுக்காக 1980களின் நடுவில் வந்த ஜாமா தரத்தின் 56 முனை இணைப்பில் மின்சாரம், ஜாய்ஸ்டிக், ஒலி, சிவப்பு-பச்சை-நீல வீடியோ, படத்தை ஒத்திசைக்கும் சிங்க் சிக்னல் எல்லாம் ஒன்றாக வருகின்றன. நிறச் சிக்னல்கள் சில வோல்ட் வரை உயரக்கூடும். வீட்டுக் கருவிகள் எதிர்பார்ப்பதோ 75 ஓம் சுமையில் 0.7 வோல்ட். சிங்க் சிக்னலும் 5 வோல்ட் லாஜிக் அளவில் வரும். நேராக இணைத்தால் வெளிச்சமான இடங்கள் வெளிறிப்போகும், கருவியே பழுதாகவும் கூடும். சூப்பர்கன் எனப்படும் இணைப்புப் பெட்டி போர்டுக்கு மின்சாரம் தந்து, வீடியோவையும் சிங்கையும் உரிய அளவுக்குக் குறைத்துத் தருகிறது. ஜாமாவுக்கு முந்தைய போர்டுகளுக்குத் தனி அடாப்டர் தேவை. போர்டுக்குப் போகும் 5 வோல்ட்டையும் போர்டின் முனையிலேயே அளந்து பார்க்க வேண்டும். அது குறைந்தால் விளையாட்டு இடையில் தானே மறுபடி தொடங்கும்.

நம்பிக்கை: விலை மலிவான யூஎஸ்பி கேப்சர் கருவியும் இதே வேலையைச் செய்யும்.

உண்மை: டிவி ஒளிபரப்பில் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வருகின்றன. பெரும்பாலான ஆர்கேட் போர்டுகள் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 240 வரிகளில் முழுப்படத்தையே அனுப்புகின்றன. மலிவான கருவிகள் இதை டிவி சிக்னல் என்று எண்ணி, அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒன்றாகப் பின்னிவிடுகின்றன. நகரும் உருவங்களின் ஓரம் சீப்புப் பற்கள்போல் கிழிகிறது. நொடிக்கு 30 ஃபிரேமாகப் பதிந்தால் இன்னொரு சிக்கல் சேரும்: ஒரு ஃபிரேம் விட்டு ஒரு ஃபிரேம் தெரியும்படி வரையப்பட்ட நிழல்கள் முற்றிலும் மறைந்துவிடும், அல்லது கெட்டியாக நின்றுவிடும். ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் போன்ற கருவிகள் இந்தச் சிக்னலை உள்ளபடி அறிந்து எச்டிஎம்ஐயாக மாற்றுகின்றன.

நம்பிக்கை: எல்லா ஆர்கேட் விளையாட்டுகளும் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுபவை.

உண்மை: பேக்-மேன் (1980) 60.6 ஹெர்ட்ஸ், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 (1991) 59.6, நியோ ஜியோ போர்டு 59.2, ஆர்-டைப் (1987) 55, மார்ட்டல் காம்பட் (1992) 54.7. மார்ட்டல் காம்பட்டை 60 ஹெர்ட்ஸில் பதிந்தால் நொடிக்கு ஐந்து ஃபிரேம்களாவது இரட்டிப்பாகி, பின்னணி நகரும்போது வெட்டி வெட்டி ஓடும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இன் ஃபிரேம்களை எண்ணி அப்படியே 60 ஹெர்ட்ஸ் கோப்பில் அடுக்கினாலோ, ஒரு மணி நேரத்தில் படம் ஒலியைவிடச் சுமார் 22 நொடி முன்னே ஓடிவிடும். போர்டின் வேகத்தையே ஏற்கும் கேப்சர் கார்டு இருந்தால் அந்த வேகத்திலேயே பதிவது நல்லது. இல்லையென்றால், ஃபிரேம்களைச் சேமித்து 60 ஹெர்ட்ஸுக்கு மாற்றும் ஸ்கேலர் வேண்டும். அப்போது சில ஃபிரேம்கள் இரட்டிப்பாவதைத் தவிர்க்க முடியாது.

நம்பிக்கை: ரெசல்யூஷனைக் கூட்டினால் படம் தெளிவாகும்.

உண்மை: போர்டு தராத நுணுக்கத்தை எந்தக் கருவியும் சேர்க்க முடியாது. ஆனாலும் பெரிதாக்குவதில் பயன் உண்டு. சாதாரண வீடியோ சுருக்கம் நான்கு பிக்சல்களுக்கு ஒரே நிறத் தகவலை வைப்பதால், ஒரு பிக்சல் அகலச் சிவப்பு எழுத்து மங்கிவிடும். முதலில் முழு எண் மடங்கில் பெரிதாக்கிவிட்டால் இது நேராது. 224 வரிகள் நான்கு மடங்கில் 896 ஆகி, 1080 வரிப் படத்துக்குள் அடங்கும்.

வடிவமும் கெடக்கூடாது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இன் படம் 384×224 பிக்சல். அது 4:3 திரையை நிரப்புமாறு வரையப்பட்டது. பிக்சல்களைச் சதுரமாக எண்ணினால் வீரர்கள் பருத்துத் தெரிவார்கள். பேக்-மேனின் மானிட்டர் பக்கவாட்டில் சாய்த்துப் பொருத்தப்பட்டது. அதன் வீடியோவை எடிட்டிங்கில் 90 டிகிரி திருப்பி 3:4 ஆக்க வேண்டும்.

நம்பிக்கை: ஸ்பீக்கர் கம்பியிலிருந்தே ஒலியை எடுத்துக்கொள்ளலாம்.

உண்மை: ஜாமாவின் ஒலி முனைகளில் வருவது ஸ்பீக்கரை இயக்கும் அளவுக்குப் பெருக்கிய சிக்னல். அதை நேராகப் பதிந்தால் ஒலி சிதையும். சில போர்டுகளில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை கிரவுண்டு அல்ல. அதைக் கிரவுண்டோடு இணைத்தால் ஆம்ப்ளிஃபையர் பழுதாகலாம். ஒலியின் அளவைக் குறைத்துப் பிரித்துத் தரும் சுற்று இடையில் வேண்டும். காப்காமின் சிபிஎஸ்-2 போர்டில் ஸ்டீரியோ ஒலிக்குத் தனி ஆர்சிஏ சாக்கெட்டுகள் உண்டு. அவற்றைப் பயன்படுத்துவது மேல்.

நம்பிக்கை: போர்டைக் கணினியில் போலச்செய்யும் எமுலேட்டரில் எடுத்தாலும் இதே வீடியோதான் கிடைக்கும்.

உண்மை: 1997இல் வெளிவந்த மேம் எமுலேட்டர், பிக்சல் பிசகாமல் பதிவு தரும். பல தேவைகளுக்கு அதுவே போதும். ஆனால் நேரக் கணக்கும் ஒலியும் சில விளையாட்டுகளில் போர்டிலிருந்து வேறுபடுகின்றன. பதிப்புக்குப் பதிப்பும் மாறுகின்றன. 2018இல் ஒரு வீரரின் டாங்கி காங் விளையாட்டுச் சாதனைகள் சிலவற்றை, அத்தகைய சாதனைகளைப் பதிவுசெய்யும் ட்வின் கேலக்ஸீஸ் அமைப்பு நீக்கியது. கட்டம் மாறும்போது திரை வரையப்படும் விதம், அசல் போர்டோடு பொருந்தாமல் மேமோடு பொருந்துகிறது என்பது அங்கே முன்வைக்கப்பட்ட முக்கிய வாதம். அந்த வீரர் அதை மறுத்து வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கு 2024இல் சமரசத்தில் முடிந்தது. பொழுதுபோக்குக்காக எடுக்கும் வீடியோவில் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. சாதனைக்கான சான்றாகவோ ஆவணமாகவோ வைக்கும் வீடியோ போர்டிலிருந்தே எடுக்கப்பட வேண்டும்.