கடைசி அறுவடை

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள நகரம் மைசூரு. ஐப்பசி, கார்த்திகை ஆகிய கூதிர்கால மாதங்கள் கழிந்ததும் இங்கு மழை ஓய்கிறது. இரவில் குளிர் பரவுகிறது. குளிர் நாடுகளில் இக்காலத்தில் உறைபனி விழுந்து காய்கறிச் செடிகளைக் கருக்கிவிடும். மைசூருவில் அந்த அச்சம் இல்லை. இங்குள்ள வீட்டுத் தோட்டங்களில் மழைக்காலத்தில் நட்ட வெண்டையும் கத்தரியும் முதிர்ந்து, மெல்ல மெல்லக் காய்ப்பைக் குறைக்கின்றன.

மொச்சையோ அவற்றிற்கு மாறானது. பகற்பொழுது குறுகும்போதுதான் நாட்டு மொச்சை பூக்கும். ஆதலால், பிற செடிகள் ஓய்ந்தபின் மார்கழி, தை மாதங்களில் அது காய்த்துக் குலுங்கும். கன்னடர் இதனை ‘அவரெ’ என்பர். ஊறவைத்த மொச்சையின் தோலைப் பிதுக்கி எடுக்கும் பருப்பைத் தமிழர் ‘பிதுக்குப் பருப்பு’ என்பர். அதில் செய்யும் குழம்பு இரு மொழியினர் வீடுகளிலும் குளிர்காலத்தில் மணக்கும்.

கடைசி அறுவடையின்போது ஒரு கேள்வி எழுகிறது. எஞ்சிய காய்கள் அனைத்தையும் பறித்துவிடலாமா? பறித்தால் அன்றைய குழம்புக்கு ஆகும்; அடுத்த பருவத்திற்கு விதை இராது. இறுதியில் எஞ்சும் சூம்பிய காய்களை மட்டும் விதைக்கு விடுவதும் தவறு. எனவே, அனுபவமுடையோர் பருவத்தின் நடுவிலேயே நோயற்ற நாட்டுச் செடியைத் தேர்ந்து, நல்ல காய்கள் சிலவற்றில் நூல் கட்டி வைப்பர். அக்காய்களை எவரும் பறிப்பதில்லை. கத்தரி மஞ்சளாகப் பழுத்த பின்னும், வெண்டையும் மொச்சையும் செடியிலேயே காய்ந்த பின்னும் விதை எடுத்து, உலர்த்திச் சாம்பல் கலந்து சேமிப்பர்.

அறுவடை முடிந்ததும் மொச்சைக் கொடியை வேரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் அறுப்பது நன்று. காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்துத் தரும் நுண்ணுயிர்கள் அதன் வேர்முடிச்சுகளில் வாழ்கின்றன. அவ்வேர்கள் மட்கி மண்ணை வளமாக்கும்.

பசித்த காலத்திலும் உழவர் விதைநெல்லில் கை வைப்பதில்லை. நூல் கட்டிய கத்தரிக்காயும் அத்தகையதே.

சொற்பொருள்
கூதிர் – குளிர்காலம்
சூம்பிய – வளர்ச்சி குன்றிய
மட்குதல் – சிதைந்து மண்ணோடு கலத்தல்

வினாக்கள்
1. மொச்சை, பிற செடிகள் ஓய்ந்தபின் காய்ப்பது ஏன்?
2. விதைக்காய்களைப் பருவத்தின் நடுவிலேயே தேர்ந்தெடுப்பதன் காரணம் யாது?
3. ‘நூல் கட்டிய கத்தரிக்காயும் அத்தகையதே’ – இத்தொடரை விளக்குக.

செயல்பாடு
உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ விதை சேமிக்கும் முறையைக் கேட்டறிந்து ஐந்து வரிகளில் எழுதுக.