தைராய்டு நோயும் இயற்கை வைத்தியமும்

‘தைராய்டு’ என்னும் சொல் இன்று நம் குடும்பங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இந்நோய் அதிகமாக வருகிறது. “ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும்” என்று டாக்டர் சொன்னதும் மனம் கலங்கிவிடுகிறது. “இயற்கை வைத்தியத்தில் இதைக் குணப்படுத்த முடியாதா?” என்று கேட்டுக்கொண்டு நாட்டு மருந்துக் கடைக்கும் வைத்தியரிடத்திற்கும் செல்வோர் பலர். இக்கேள்வி நியாயமானதே. ஆனால் விடை தெரியாமல் செயலில் இறங்கினால் பணம் மட்டுமன்றி உயிரும் நஷ்டமாகக்கூடும். ஆகவே இவ்விஷயத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்.

சுரப்பியின் வேலை

கழுத்தின் முன்பக்கத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்திருப்பதே தைராய்டு சுரப்பி. நாம் உண்ணும் உணவிலுள்ள அயோடினைக் கொண்டு அது தைராக்ஸின் என்னும் சுரப்பை உண்டாக்கி இரத்தத்தில் கலக்கிறது. உடலின் சூடு, இருதயத் துடிப்பு, ஜீரணம், மனத்தின் சுறுசுறுப்பு ஆகிய யாவும் அதன் அளவைப் பொறுத்தவை.

இச்சுரப்பிக்கு உத்தரவிடுவது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி. நம் தொழிலை வைத்தே இதைச் சொல்லலாம். கடையில் சரக்குக் குறைந்தால் முதலாளி மொத்த வியாபாரிக்கு ஆர்டர் மேல் ஆர்டர் அனுப்புவார். சரக்கு நிரம்பி வழிந்தால் ஆர்டரை நிறுத்திவிடுவார். இரத்தப் பரிசோதனைச் சீட்டில் காணும் ‘டி.எஸ்.எச்.’ என்பதே அந்த ஆர்டர். அது உயர்ந்திருந்தால் பெரும்பாலும் தைராக்ஸின் குறைவு என்று பொருள். தாழ்ந்திருந்தால் மிகுதி என்று பொருள். பலர் இதைத் தலைகீழாக எண்ணிக்கொள்கிறார்கள்.

ஒரு பெயரில் இரண்டு நோய்கள்

சுரப்புக் குறைந்தால் களைப்பு, உடல் பருத்தல், மலச்சிக்கல், வறண்ட தோல், குளிர் தாங்காமை, மறதி முதலியவை உண்டாகும். சுரப்பு மிகுந்தால் உடல் மெலிதல், நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், மிகுந்த வியர்வை, தூக்கமின்மை ஆகியவை தோன்றும். பெயர் ஒன்றாயினும் இவை இரண்டும் எதிரெதிரான நோய்கள். ஒன்றுக்கு உதவும் பொருள் மற்றொன்றுக்குக் கேடாகும். ஆகவே “தைராய்டுக்கு நல்லது” என்று பொதுவாகச் சொல்லி விற்கப்படும் எந்தப் பொடியும் ஐயத்திற்குரியதே. எந்த வைத்தியத்தை நாடுவதானாலும், தமக்கிருப்பது குறைவா மிகுதியா என்பதை முதலில் இரத்தப் பரிசோதனையால் அறிந்துகொள்ள வேண்டும். கழுத்தில் கட்டி தென்பட்டால் அதையும் டாக்டரிடம் காட்டியாக வேண்டும்.

மாத்திரை பிறந்த கதை

தைராக்ஸின் மாத்திரையைச் செயற்கை விஷம் என்று கருதுவோர் அதன் வரலாற்றை அறிதல் நலம். 1891-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்னும் டாக்டர், சுரப்புக் குறைவால் உடல் வீங்கித் தளர்ந்திருந்த 46 வயது மாது ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றைக் கொடுத்தார். அந்த அம்மையார் தெளிந்தெழுந்து, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1919-ல் தமது 74-ம் வயதில் காலமானார். அதற்குள் அவருக்காக 870-க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் செலவாயின. 1914-ல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் என்பவர் தைராக்ஸினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். 1927-க்குள் அதைச் சோதனைச் சாலையிலேயே செய்யும் முறை கண்டறியப்பட்டது. இன்றைய மாத்திரையில் உள்ள தைராக்ஸின், நம் சுரப்பி உண்டாக்கும் அதே பொருள்தான். உடல் செய்யத் தவறியதை வெளியிலிருந்து நிரப்புவதே அதன் வேலை.

இங்கு நம்மவர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ‘இயற்கைத் தைராய்டு’ என்ற பெயரில் வெளிநாடுகளிலிருந்து வரும் உலர்ந்த சுரப்பி மாத்திரைகள் பெரும்பாலும் பன்றியின் சுரப்பியிலிருந்து செய்யப்படுபவை. ‘இயற்கை’ என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்குவோர், ஹராமான பொருளை அறியாமல் உட்கொள்ள நேரிடும்.

குணமானதுபோல் தோன்றுவது ஏன்?

“மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடி சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறேன்” என்று சிலர் சொல்வது பொய்யன்று. ஆனால் காரணம் வேறு. தைராக்ஸின் உடலில் மெதுவாகவே குறையும். பாதியளவு தீரச் சுமார் ஒரு வாரமாகும். கொள்முதலை நிறுத்திய கடை, கையிருப்புச் சரக்கைக் கொண்டு சில வாரம் நடப்பதுபோல், உடலும் சில வாரம் நடக்கும். அந்தப் பெயர் பொடிக்குப் போய்ச் சேருகிறது. கையிருப்புத் தீர்ந்ததும் நோய் ஓசையின்றித் திரும்பி வரும். பல மாதங்கள் கவனிக்காமல் விட்டால் நினைவிழந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

மற்றொன்று: பிரசவத்திற்குப் பின் வரும் ஒருவகைத் தைராய்டு அழற்சி, பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே சரியாகிவிடும். அச்சமயம் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதற்கே புகழ் கிடைக்கும். மேலும், கலப்பட மருந்துகளில் ஸ்டீராய்டு சேர்க்கப்பட்டிருந்து, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதிகாரிகள் பிடித்ததுண்டு. ஸ்டீராய்டு உடனே தெம்பு தரும், டி.எஸ்.எச். அளவையும் தாழ்த்திக் காட்டும். உள்ளே உடலைக் கெடுக்கும்.

இயற்கை வைத்தியத்திற்கு உரிய இடம்

அப்படியானால் இயற்கை வைத்தியம் வீணா? அன்று. நேரத்திற்கு உணவு, போதிய தூக்கம், தினசரி நடை, மலச்சிக்கல் தீரக் கீரையும் காய்கனியும், மனக்கவலை குறைய ஓய்வு ஆகிய யாவும் நோயாளிக்குப் பெருந்துணை. காலை முதல் நள்ளிரவு வரை கல்லாவில் உட்காருவோர்க்கு இவை மருந்துக்கு நிகரான தேவை. மேலும், டி.எஸ்.எச். சற்றே உயர்ந்து தைராக்ஸின் சரியாக இருக்கும் ஆரம்ப நிலையில், டாக்டர்களே பல சமயம் மாத்திரை தராமல் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை செய்யச் சொல்வார்கள். இயற்கை முறையைக் கடைப்பிடித்துப் பார்க்க ஏற்ற காலம் அதுவே. ஆனால் கர்ப்பிணிகள் இவ்வாறு காத்திருத்தல் கூடாது. தாயின் சுரப்புக் குறைந்தால் சிசுவின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும்.

எச்சரிக்கையுடன் அணுக வேண்டியவை சில:

கடற்பாசிப் பொடி: பெரியவர்க்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம் மட்டுமே. ‘கெல்ப்’, ‘கொம்பு’ எனப்படும் கடற்பாசியின் ஒரு கிராமில் ஆயிரத்திற்கு மேலும் இருக்கக்கூடும். அளவு மிஞ்சிய அயோடின் இரு வகை நோயையும் தூண்டும். நோன்பு திறக்கும்போது நாம் உண்ணும் கடற்பாசி வேறு. அது சுத்திகரிக்கப்பட்டது, அதில் அயோடின் மிகக் குறைவு.

அமுக்கராக் கிழங்கு: இது தைராய்டு சுரப்பைக் கூட்டவல்லது. சுரப்பு மிகுந்தவர்க்கு ஆகாது. மாத்திரை சாப்பிடுவோரும் டாக்டரிடம் சொல்லாமல் சேர்க்கலாகாது.

முட்டைக்கோஸ்: இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. சமைத்து அளவோடு உண்டால் தீங்கில்லை.

பயோட்டின்: முடி வளர்வதற்கென்று சாப்பிடும் இச்சத்து, இரத்தப் பரிசோதனையின் முடிவைப் பிழையாகக் காட்டும். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும்.

மாத்திரை சாப்பிடும் முறை

தைராக்ஸினை வெறும் வயிற்றில் தண்ணீருடன் சாப்பிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பொறுத்தே தே தாரிக்கோ காப்பியோ பசியாறலோ கொள்ள வேண்டும். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. நோன்புக் காலத்தில் ஸஹர் உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்போ, இரவு கடைசியாக உண்டு மூன்று மணி நேரம் சென்று படுக்கும்போதோ சாப்பிடலாம். எது பொருந்தும் என்பதை நோன்புக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்க. அளவு மாறியபின் ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபரிசோதனை அவசியம்.

சுரப்பு மிகுதிக்கு மருந்துண்போர்க்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் சேர்ந்து வந்தால், கஷாயம் குடித்துப் பார்க்கலாம் என்று தாமதிக்காமல் அன்றே டாக்டரிடம் சென்று இரத்தம் சோதிக்க வேண்டும். அம்மருந்து சிலருக்கு இரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும்.

வைத்தியரும் விற்பவரும்

மலேசியாவில் 2016-ம் ஆண்டின் பாரம்பரிய வைத்தியச் சட்டம், மலாய், சீன, இந்திய வைத்தியங்களும் இஸ்லாமிய வைத்திய முறையும் உள்ளிட்ட ஏழு பிரிவுகளை அங்கீகரித்துள்ளது. பதிவு பெற்ற வைத்தியரையே நாடுங்கள். நல்ல வைத்தியர் இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கேட்டுப் பார்ப்பார். மருந்தின் பெயரை மறைக்கமாட்டார். “டாக்டரின் மாத்திரையை இன்றே நிறுத்து” என்று சொல்லமாட்டார்.

இறுதியாக, விற்பனை செய்யும் நமக்கும் ஒரு கடமை உண்டு. மலேசியாவில் பதிவான பாரம்பரிய மருந்தின் பெட்டியில் ‘எம்.ஏ.எல்.’ எண்ணும் அதன் முடிவில் ‘டி’ எழுத்தும் இருக்கும். மருந்து விளம்பரத்திற்கு 1956-ம் ஆண்டின் சட்டப்படி முன் அனுமதி வேண்டும். சிங்கப்பூரில் பாரம்பரிய மருந்துகள் பலவற்றுக்கு விற்பனைக்கு முன் அனுமதி தேவையில்லை. ஆதலால் அவற்றின் தரத்திற்கு விற்பவரே பொறுப்பாளி. கல்லாவுக்கு எதிரே நிற்கும் தாய், நம் சொல்லை நம்பி வீட்டிலுள்ள மாத்திரையை எறிந்துவிடக்கூடும். “இது தைராய்டைக் குணப்படுத்தும்” என்ற ஒரு வாக்கியத்தால் வரும் இலாபம் சில வெள்ளிதான். அவருக்கு நேரும் நஷ்டத்தை நம்மால் ஈடுகட்ட முடியாது. “இதைச் சாப்பிடுமுன் டாக்டரிடம் கேளுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்” என்று சொல்லி விற்பதே நாணயமான வியாபாரம்.