கல்லாவில் உட்காரும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

மளிகைக்கடைக் கல்லாவில் இந்த மாதம் முதல் நீதான் உட்காருகிறாய் என்று அக்கா போனில் சொன்னாள். ரொம்ப சந்தோஷம். சுவரில் மாட்ட வேதாகமத்தின் நீதிமொழிகளிலிருந்து நல்ல வசனமாக ஒன்று சொல்லுங்கள் மாமா என்று நீ கேட்டதாகவும் சொன்னாள். வசனம் சொல்லலாம்தான். ஆனால் சுவரில் மாட்டினால் அது உன் முதுகுக்குப் பின்னால் போய்விடும், வாடிக்கையாளர்தான் படிப்பார். நீதிமொழிகளோ கல்லாவில் இருப்பவனைப் பார்த்துப் பேசுகிற புத்தகம்.

தராசையே எடுத்துக்கொள். 11, 16, 20-ஆம் அதிகாரங்களில் அதைப் பற்றி நான்கு வசனங்கள் வருகின்றன. அந்தக் காலத்து யூதேயாவில் எடைக்கல் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். அடி தட்டையாக, தலை உருண்டு இருக்கும். அன்றைய எடை அளவான சேக்கல் என்பது ஏறத்தாழ 11 கிராம். அகழாய்வுகளில் இப்படிப்பட்ட கற்கள் நிறையவே கிடைத்திருக்கின்றன. கையடக்கமான கல் என்பதால் வாங்கும்போது ஒன்று, விற்கும்போது ஒன்று என்று மாற்றுவது சுலபம். பையில் இரண்டு விதக் கல் வைக்காதே என்று உபாகமம் 25-ஆம் அதிகாரம் கண்டிப்பது இதனால்தான்.

உன்னிடம் இருப்பது எலெக்ட்ரானிக் தராசு. ஆண்டுதோறும் முத்திரையும் போடுகிறார்கள். அதனால் தப்பித்தோம் என்று நினைக்காதே. காலி டப்பாவை முதலில் வைத்து எண்ணைச் சுழியமாக்காமல் முந்திரியை அள்ளிப் போட்டால், 20 கிராம் பிளாஸ்டிக் முந்திரி விலைக்குப் போகிறது. தராசில் குற்றமில்லை, முத்திரை போட வருகிறவரும் இதைக் கண்டுபிடிக்க மாட்டார். அங்கேதான் அந்தத் தராசு வசனங்களுக்கு வேலை.

20-ஆம் அதிகாரம் 14-ஆம் வசனத்தையும் ஒருமுறை எடுத்துப் பார். வாங்குகிறவன் சரக்கு மட்டம், மட்டம் என்கிறான்; வாங்கி அந்தப்பக்கம் போனதும் பெருமையடிக்கிறான். எழுதியவர் அதில் தீர்ப்புகூடச் சொல்லவில்லை, ஆளைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். கிராமத்திலிருந்து புளி கொண்டுவரும் பாட்டியிடம், “கறுத்துப்போச்சு, கொட்டை அதிகம்” என்று விலையை இறக்கிவிட்டு, மத்தியானமே அதைப் “புதுப்புளி, முதல் தரம்” என்று விற்றால், அந்த ஆள் நீதான். பேரம் பேசு, தப்பில்லை. காலையில் சொன்ன தரத்தையே மாலையிலும் சொல்லும்படி பேசு.

கடன் விஷயத்தில் இந்தப் புத்தகம் நம் உறவினர்கள் யாரையும்விடக் கறாரானது. அடுத்தவன் கடனுக்கு ஜாமீன் நிற்காதே. நின்றால் நீ படுத்திருக்கும் படுக்கையே போய்விடும் என்று 22-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. அதே புத்தகம்தான், ஏழைக்கு இரங்கிக் கொடுப்பவன் கடவுளுக்கே கடன் கொடுக்கிறான் என்று 19-இல் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படி. கஷ்டப்படுகிறவனுக்கு, திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையைக் கையிலிருந்து கொடு. சிநேகிதன் என்பதற்காக பைனான்ஸ் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே. முகம் சுளிப்பான், சுளிக்கட்டும்.

இன்னொன்று. வசனத்தை எடுத்து அடுத்தவர் மேல் வீசுவது நம் சபையாருக்குக் கைவந்த கலை. கடைப்பையன் தாமதமாக வந்தால் சோம்பேறியை எறும்பிடம் பாடம் கற்கச் சொல்லும் வசனம் நாக்கு நுனிக்கு வந்துவிடும். முதல் பஸ் வந்ததா, வீட்டில் யாருக்காவது காய்ச்சலா என்று கேட்டாயா? கேட்குமுன் பதில் சொல்வது மடமை என்று அதே புத்தகம் 18-ஆம் அதிகாரத்தில் சொல்கிறது. யோபுவின் சிநேகிதர்கள் பேசியவற்றில் பாதி, தனியாக எடுத்துப் பார்த்தால் அருமையான நீதிமொழிகள். பிள்ளைகளைப் பறிகொடுத்துச் சாம்பலில் உட்கார்ந்திருந்தவனிடம் போய்ச் சொன்னார்கள். கடைசியில் கடவுளின் கோபம் அவர்கள் மேல்தான் மூண்டது. நல்ல மருந்துதான், ஆள் மாறிப்போனால் விஷம்.

26-ஆம் அதிகாரத்தில் மூடனுக்குப் பதில் சொல்லாதே என்று ஒரு வசனம், பதில் சொல் என்று அதற்கு அடுத்த வசனம். தொகுத்தவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? எந்த நேரத்தில் எது என்று யோசிக்கிற வேலையை நம்மிடம் விட்டிருக்கிறார்கள். நேற்று வாங்கிய பருப்பில் வண்டு என்று ஒருவர் கடைவாசலில் கத்தினால், பருப்பை வாங்கிப் பார், மாற்றிக் கொடு, வாதாடாதே. உன் கடையில் கலப்படம் என்று வாட்ஸ்அப் குழுவில் பொய் பரப்பினால், அங்கே வாயை மூடிக்கொண்டிருக்காதே. பில்லோடு ஒருமுறை பதில் போடு, அதோடு நிறுத்து.

காணிக்கை கொடுத்தால் களஞ்சியம் நிரம்பும் என்பதுபோன்ற வசனங்களைப் புத்தாண்டு வாக்குத்தத்தம்போல் எண்ணி வியாபாரக் கணக்குப் போடாதே. பொதுவாக உலகம் இப்படி நடக்கும் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னவை அவை. நேர்மையாக நிறுத்துக் கொடுத்தும் நஷ்டம் வரும் வருஷம் உண்டு. ஐசுவரியமும் வேண்டாம், தரித்திரமும் வேண்டாம், அன்றாட ஆகாரம் போதும் என்று ஆகூர் என்பவர் 30-ஆம் அதிகாரத்தில் கேட்கிறாரே, வியாபாரிக்கு அதைவிட நல்ல ஜெபம் எனக்குத் தெரியவில்லை.

மொத்தம் 31 அதிகாரம். ஷட்டரைத் தூக்குமுன் தேதிக்கு ஒன்றாகப் படி. படித்ததில் ஒன்றையாவது அன்றைக்கே ஒரு பில்லிலோ ஒரு பேச்சிலோ செய்து பார். கையில் இருக்கும்போதே “நாளைக்கு வா” என்று சொல்லாதே என்பது 3-ஆம் அதிகாரம் 28-ஆம் வசனம். சோப்பு ஏஜெண்டின் பாக்கி இரண்டு வாரமாக இழுக்கிறது என்று அக்கா சொன்னாள். கல்லாவில் பணம் இருந்தால் இன்றைக்கே கொடுத்து அனுப்பு.

அன்புடன்,
மாமா