தடைக்காலத்திலும் நாய்க்குப் பசிக்கும்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் நாய்க்குட்டி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது குட்டியின் விலையை. அது ஒருநாள் செலவு, கொடுத்தால் முடிந்தது. அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அந்த நாய்க்கு யார் சோறு போடுவார்கள்?

அந்த 61 நாளும் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். படகில் பங்குக்குப் போகிறவர் மட்டுமல்ல, ஐஸ் கம்பெனியில் வேலை செய்பவர், மீன் லோடு ஏற்றுபவர், துறைமுகத்து டீக்கடைக்காரர் என எல்லார் கையிலும் காசு இறுகிவிடும். அரசு தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 5,000 ஆக இருந்த தொகையை 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் உயர்த்தி அறிவித்தார்கள்.

இப்போது நாய்க் கணக்குக்கு வருவோம். 15 கிலோ எடையுள்ள, நன்றாக ஓடியாடும் நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி வேண்டும். கடையில் விற்கும் உலர் தீவனமாகப் போட்டால் 240 கிராம், மாதம் ஏறத்தாழ 7 கிலோ. கிலோ 200 ரூபாய் என்று வைத்தால் 1,400 ரூபாய். தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதத்துக்கு 300, திடீர்ச் செலவுக்கு என்று இன்னொரு 300. ஆக 2,000. உங்கள் ஊர்க் கடை விலையைப் போட்டு இதைத் திருத்திக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் விதம் மாறாது.

வருடத்துக்கு 24,000. மாதச் சம்பளக்காரர் இதைப் பன்னிரண்டால் வகுக்கலாம். கடலை நம்பி இருப்பவர் பத்தால்தான் வகுக்க வேண்டும். சம்பாதிக்கும் பத்து மாதத்திலும் 2,400 எடுத்து வைத்தால்தான் மிச்ச இரண்டு மாதம் ஓடும். அப்படி வைக்காதவர் வீட்டில் நிவாரணப் பணத்தில் பாதி, 4,000 ரூபாய், நாய்க்கே போய்விடும். பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் எந்தக் குடும்பமும் அதைத் தாங்காது. கரையில் திரியும் கழுத்துப்பட்டை போட்ட நாய்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வருகிறது.

நாய்க்கு எடுத்து வைக்கும் பணத்தை வீட்டுச் செலவோடு கலக்காதீர்கள். தபால் நிலையத்தில் 500 ரூபாயில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். ராமேஸ்வரத்தில் ஆட்டோ ஓட்டுபவர், விடுதியில் வேலை செய்பவர் என்றால் ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டத்தில் வரும் கூடுதல் வருமானத்தில் ஒரு பங்கை அன்றைக்கே அதில் போட்டுவிடலாம்.

சாப்பாட்டுச் செலவைக் குறைக்க இந்தக் கரையில் நல்ல வழி இருக்கிறது. மலிவாகக் கிடைக்கும் சூடை மீனைச் சோற்றோடு கலந்து போடலாம். ஆனால் பச்சையாக வேண்டாம். இந்த வகை மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி உண்டு, வேகவைத்தால் அது செயலிழந்துவிடும். குக்கரில் முள் மசியும்வரை விட்டு, உப்பு, மசாலா எதுவும் போடாமல் கொடுங்கள். கருவாடு கூடவே கூடாது. அதில் உள்ள உப்பு நாய்க்கு ஆகாது. கோழி எலும்பையும் வேகவைத்துப் போடாதீர்கள், உடைந்து குடலைக் கிழிக்கும்.

திடீர்ச் செலவு என்று 300 ரூபாயை எழுதினேனே, அது எதற்கென்று மீன் இறங்கும் கரையில் நின்று பார்த்தால் புரியும். வலையைப் பிரிக்கும்போது பேத்தையைத் தனியே பொறுக்கி மணலில் வீசுவார்கள். வயிறு உப்பி, முள்ளு முள்ளாகக் கிடக்கும் அந்த மீனின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. நாய் தின்றால் சில மணி நேரத்தில் கால்கள் செயலிழந்து மூச்சு நின்றுவிடலாம். இரையோடு அறுந்து கிடக்கும் தூண்டில் முள்ளை விழுங்கும் நாய்களும் உண்டு. அதற்கு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டு மதுரைக்குப் போக நேர்ந்தால், ராமேஸ்வரத்திலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர் வண்டி வாடகை முதலில் நிற்கும். நாயைக் கயிற்றில் பிடித்து நடத்திப் பழக்குவதுதான் இங்கே மலிவான காப்பீடு.

ஊசியில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஆறு முதல் எட்டு வார வயதில் பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான முதல் ஊசி, பிறகு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம்வரை. மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி. அதன்பின் எப்போது போட வேண்டும் என்பதை மருத்துவர் அட்டையில் எழுதித் தருவார். பார்வோ வந்தால் நாள்கணக்கில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும். ஊசிக்கு ஆகும் பணத்தைப்போலப் பல மடங்கு கரைந்து, குட்டியும் பிழைக்காமல் போகலாம்.

எந்த நாய் என்பதும் பட்ஜெட்தான். ராமநாதபுரத்து வெயிலில் ஹஸ்கியை வைத்திருப்பவர் கரண்டு பில்லையும் சேர்த்து எழுத வேண்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் இந்த வெயிலுக்குப் பிறந்தவை. ராஜபாளையத்தில் சில குட்டிகளுக்குப் பிறவிச் செவிட்டுத்தன்மை உண்டு என்பதால், குட்டிக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து வாங்குங்கள். தெருவில் பிறந்த நாட்டுக்குட்டியை எடுப்பவருக்கு விலையே இல்லை; என்னைக் கேட்டால் முதல் நாய்க்கு அதுவே போதும்.

மாற்றலாகும் வேலையில் இருப்பவர்கள் ரயில் செலவையும் மறக்கக் கூடாது. முதல் வகுப்பு ஏசியில் தனி அறையை முழுதாக எடுத்தால் நாயைக் கூட வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில்தான் அனுப்ப வேண்டும். பார்சல் அலுவலகத்தில் பதிவு உண்டு. ஸ்லீப்பரில் மடியில் வைத்துப் போக முடியாது.

கடைசியாக, குட்டி எடுக்கும் மாதம். பிப்ரவரி, மார்ச்சில் எடுத்தால் தொடர் ஊசிகளில் சில தடைக்காலத்தில் வந்து விழும். படகுகள் கடலுக்குத் திரும்பி, கையில் இரண்டு மாதப் பங்குக்காசு சேர்ந்த ஆகஸ்டில் எடுங்கள். அடுத்த ஏப்ரல் வருவதற்குள் ஊசியும் முடிந்திருக்கும், தபால் கணக்கில் தடைக்காலத்துக்கு ஒரு தொகையும் சேர்ந்திருக்கும்.